நாகர்கோவிலிலிருந்து ஒரு நாள் கடலோர சைக்கிள் பயணம்: கிலோமீட்டருக்கு முன் காற்றைக் கணக்கிடுங்கள்

நாகர்கோவிலில் வசிக்கும் நீங்களும் உங்கள் மனைவியும், இருவருமே நாற்பத்தைந்தை ஒட்டிய வயதினர், வாரத்தில் நான்கைந்து நாள் காலையில் 15 கி.மீ. வரை கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். வரும் ஜனவரியில் ஒரு நாள் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டுக் கடலை ஒட்டியே தேங்காப்பட்டணம் வரை ஓட்டி, இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இது வழி கேட்கும் கேள்வியாக இருந்தாலும், கடைசி வரியில் "ரொம்பவும் சிரமப்படாமல்" என்று எழுதியிருப்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதாவது, இப்போதுள்ள பழக்கத்தை வைத்துக்கொண்டு, மறுநாள் முழங்கால் வலியோடு எழுந்திருக்காமல், இருவரும் ஒரு முழு நாளைக் கடலோரத்தில் நிம்மதியாகக் கழிப்பது எப்படி என்பது. உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மாணவர்களையும், பின்னாளில் உங்களைப் போன்ற நடுவயதினரையும் சிறு குழுக்களாக இந்தக் கரையோரத்தில் சைக்கிளில் அழைத்துச் சென்றுவருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் கேட்டபடியே செய்வது இப்போதைக்கு வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு 20 கி.மீ.; அங்கிருந்து கரையோரமாகத் தேங்காப்பட்டணம் ஏறத்தாழ 60 கி.மீ.; திரும்பி வரும் வழியையும் சேர்த்தால் கணக்கு நூறைத் தாண்டிவிடும். நாள்தோறும் 15 கி.மீ. ஓட்டுகிறவர், இடையிடையே நன்றாக ஓய்வெடுத்தால், ஒரே நாளில் அதைப் போல மூன்று மடங்கு அல்லது சற்றே கூடுதலாக ஓட்டலாம் என்பது நான் கைக்கொள்ளும் அளவு. இது ஆய்வில் நிறுவப்பட்ட விதி அன்று, அனுபவக் கணக்குதான். ஆனால் அந்த எல்லையைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் கால் தளர்ந்து நின்றுவிடுவதில்லை. இருக்கையில் உட்கார முடியாமல், உள்ளங்கை மரத்துப்போய், கடைசி 20 கி.மீ. முழுவதும் கடலை ஏறெடுத்தும் பாராமல் வீடு வந்து சேர்வார்கள். ஆகவே 50 கி.மீ. அளவில் ஒரு சுற்றுப்பாதையைப் பரிந்துரைக்கிறேன்: நாகர்கோவிலில் தொடங்கி, பறக்கை, தெங்கம்புதூர் வழியாக மணக்குடி, அங்கிருந்து மேற்கே கரையோரமாகப் புத்தளம், ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம், கணபதிபுரம், முட்டம், முட்டத்திலிருந்து அம்மாண்டிவிளை, வெள்ளிச்சந்தை வழியாக உள்நாட்டுச் சாலையில் வீடு.

கிழக்கே தொடங்கி மேற்கே போகச் சொல்வதற்குக் காரணம் காற்று. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் விடியற்காலையில் நம் பக்கத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். வெயில் ஏறி நிலம் சூடானதும், ஏறத்தாழ பதினொரு மணிக்குமேல், அது திசை மாறிக் கடலிலிருந்து கரைக்கு வீசத் தொடங்கும். காலையில் தெற்கே மணக்குடிக்கு இறங்கும்போது நிலக்காற்று முதுகில் இருக்கும். மேற்கே திரும்பியதும் ஏறும் வெயிலும் முதுகுக்குப் பின்னால்தான், கண் கூசாது. பிற்பகலில் முட்டத்திலிருந்து வடகிழக்காக வீடு திரும்பும்போது கடற்காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும். இதற்கு மாறாகக் காலையில் உள்நாட்டை நோக்கியும் பிற்பகலில் கடலை நோக்கியும் ஓட்டினால் இரண்டு வேளையும் எதிர்க்காற்றில் மிதிக்க நேரும். எதிர்க்காற்றின் சுமையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. நீங்கள் 15 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், உடலில் மோதும் காற்றின் வேகம் இரட்டிப்பாகி, தடை நான்கு மடங்காகிவிடும். சமவெளிச் சாலையில் 10 கி.மீ. கூடுதலாக ஓட்டுவது எளிது. இந்தக் காற்றில் 5 கி.மீ. ஓட்டுவது கடினம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கதையே வேறு. அப்போது மேற்கிலிருந்து நாள் முழுவதும் பலமாக வீசும்; ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். அந்த மாதங்களில் இதே சுற்றை முட்டத்திலிருந்து மணக்குடிக்கு, அதாவது மேற்கிலிருந்து கிழக்காக ஓட்ட வேண்டும்.

ஜனவரி நடுவில் இங்கே சூரியன் உதிப்பது காலை 6:40-ஐ ஒட்டி. ஆறு மணிக்கு விளக்கு எரியவிட்டு நாகர்கோவில் கோட்டாறிலிருந்து புறப்பட்டால், அவசரமே இல்லாமல் ஏழு மணிக்குள் மணக்குடிப் பாலத்தில் நிற்கலாம். பழையாறு கடலில் கலக்கும் இடம் அது; கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பழைய பாலம் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் அடித்துச் செல்லப்பட்ட பிறகு கட்டப்பட்ட பாலம் இப்போதிருப்பது. கன்னியாகுமரி உதயத்தைக் கூட்டத்துக்கு நடுவே எட்டிப் பார்ப்பதைவிட, இந்தப் பாலத்தின் மேல் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, கழிமுகத்தில் நாரைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே எனக்குப் பிடிக்கும். இது என் சொந்த விருப்பம். உங்கள் மனைவி குமரிமுனையையே விரும்பக்கூடும்.

மணக்குடிக்கு மேற்கே புத்தளத்து உப்பளங்களும் சொத்தவிளை, சங்குத்துறைக் கடற்கரைகளும் வரும். இந்தப் பகுதியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஈத்தாமொழியை நெருங்கும்போது சாலை கடலைவிட்டு உள்ளே விலகித் தென்னந்தோப்புகளுக்குள் போகிறது; புவிசார் குறியீடு பெற்ற ஈத்தாமொழி நெட்டைத் தென்னையின் ஊர் அது, எட்டு மணி வெயிலுக்கு அந்த நிழல் பெரிய உதவி. "கடல் தெரியவில்லையே" என்று மணல் பாதையில் இறங்கி ஒட்டியே போக முயல வேண்டாம். இந்தக் கரையில் ஆறும் ஓடையும் கடலில் சேரும் ஒவ்வோர் இடத்திலும் சாலை உள்ளே வளைந்துதான் ஆக வேண்டும். ராஜாக்கமங்கலத்தில் காலை உணவு. புட்டும் பயறும் பப்படமும், அல்லது ஆப்பம். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், அடுத்த ஒரு மணி நேரம்தான் நாளின் கடினமான பகுதி. கணபதிபுரத்துக்குப் பிறகு நிலம் சிவந்து மேடாகிறது. முட்டத்தை நெருங்கும்போது வரும் ஏற்றங்கள் நீளமானவை அல்ல, ஆனால் பள்ளத்தில் இறங்கிய வேகம் தீர்வதற்குள் மேடு எதிரே வந்துவிடும். மேட்டின் அடிவாரத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி ஏறியபின் பலமாக மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்த வெட்கமும் வேண்டாம். பத்தேகால் மணி வாக்கில் முட்டம் வந்துவிடலாம்.

தூரத்தைப் பற்றிக் கேட்ட நீங்கள் ஊர்களைப் பற்றிக் கேட்கவில்லை. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்தக் கரையோரச் சாலை பல இடங்களில் மீனவ ஊர்களின் முற்றமாகவே இருக்கிறது. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வள்ளங்கள் கரைசேர்ந்து மீன் ஏலம் நடக்கும்; சாலையோரத்தில் வலை உலரும், பாதி சாலையில் நெத்திலி காயும்; கரையில் நின்று இழுக்கும் கரமடி வலை போட்ட இடங்களில் வடம் மணலின் குறுக்கே விறைத்து நிற்கும். உலரும் வலைமேல் சைக்கிளை ஏற்றக் கூடாது என்பது மரியாதைக்காக மட்டும் சொல்வதன்று. அறுந்து கிடக்கும் நைலான் இழை சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, பின்சக்கரத்துப் பல்சக்கரங்களுக்கும் சக்கரத்தின் மையமான ஹப்புக்கும் நடுவிலுள்ள இடுக்கில் போய் இறுகிக்கொள்ளும். முதலில் ஒன்றும் தெரியாது, சற்று நேரத்தில் காரணமில்லாமல் மிதி கனக்கும், செயின் தத்தும். விரலால் எடுக்க வராது. சிறு கத்தரிக்கோலோ பிளேடோ கொண்டு இழை இழையாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். பையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல், ஐஸ் பெட்டிகளோடு போகும் மீன் வண்டிகளிலிருந்து வழியும் நீர் வளைவுகளில் தார்மேல் ஒரு வழவழப்பை விட்டுப்போகிறது. காற்றில் பறந்து படிந்த மணலும் அப்படித்தான், உலர்ந்திருந்தாலும் சறுக்கும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளையும்போது பிரேக்கில் கை வைக்காமல் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் திருப்பலி முடிந்து ஆலயத்திலிருந்து ஊரே சாலைக்கு வரும் நேரம் பார்த்து இறங்கி நடந்துவிடுங்கள். முடிந்தால் சனிக்கிழமையையே தேர்ந்தெடுங்கள்.

திட்டமிடும்போது முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது போகும் வழி அன்று, பாதியில் விலகும் வழி. நம் மாவட்டத்தின் அமைப்பு இதற்கு வாய்ப்பாக இருக்கிறது: கரையோரச் சாலை ஒரு பக்கம், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் நெடுஞ்சாலை இன்னொரு பக்கம், நடுவே ஏணிப்படிகள்போலக் குறுக்குச் சாலைகள். மணக்குடியிலிருந்து ஒன்று, ராஜாக்கமங்கலத்திலிருந்து ஒன்று, முட்டத்திலிருந்து ஒன்று, குளச்சலிலிருந்து திங்கள்நகர் வழியாக ஒன்று. எந்த இடத்தில் உடம்புக்கு முடியாவிட்டாலும் அடுத்த படியில் ஏறிவிட்டால் வீட்டுப் பக்கம் வந்துவிடலாம். சைக்கிளே ஓட்ட முடியாத நிலை என்றால் பெரிய சந்திப்புகளில் குட்டியானை வண்டி வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு சைக்கிளும் தாராளமாக ஏறும். ரயிலில் சைக்கிளை ஏற்றித் திரும்பலாம் என்று சிலர் சொல்வார்கள். பதிவு செய்து சரக்குப் பெட்டியில் ஏற்றுவது விதிப்படி முடிந்தாலும், இரணியல் போன்ற நிலையங்களில் வண்டி நிற்கும் சில நிமிடங்களை நம்பி ஒரு நாளைத் திட்டமிடுவது எனக்கு உடன்பாடில்லை.

முட்டத்துக்கு வந்தபின் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். மணி பத்தரைக்குள் இருந்து, இருவருக்கும் தெம்பும் இருந்தால், கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு வழியாகக் குளச்சல் வரை இன்னும் 11 கி.மீ. அளவுக்குப் போகலாம். வழியில் மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் கறுத்துத் தெரியும். இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த கனிம மணல் அது, அருமணல் ஆலையும் அங்கேதான் இருக்கிறது. மோனசைட்டிலுள்ள தோரியத்தால் அந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு வழக்கத்தைவிடக் கூடுதல் என்பது உண்மை. சில மணி நேரம் கடந்து போகிறவர்கள் அதை எண்ணிக் கவலைப்பட ஒன்றுமில்லை. குளச்சலில் 1741-இல் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுப் படையை வென்றதன் நினைவுத்தூண் இருக்கிறது. ஆனால் குளச்சல் வரை போனால் அன்றைய மொத்தத் தூரம் 65 கி.மீ.-ஐத் தாண்டும் என்பதை மறக்க வேண்டாம். இருவரில் ஒருவர் தயங்கினாலும் முட்டத்தோடு நிறுத்திவிடுங்கள். "நான் சமாளித்துக்கொள்வேன்" என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். பேச்சு குறைந்து, பின்தங்கும் இடைவெளி கூடிக்கொண்டே வந்தால் அதுதான் சரியான பதில்.

வெயிலைப் பொறுத்தவரை, நம் கரையில் சிக்கல் சூட்டைவிட ஈரப்பதம்தான். வியர்வை சுரந்தாலும் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. கடற்காற்று முகத்தில் படுவதால் குளிர்ச்சியாக இருப்பதுபோல் தோன்றி, தாகம் தெரியாமல் போய்விடும். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை, சிறிது சிறிதாக, தாகம் எடுப்பதற்கு முன்பே குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் என்ற அளவில் ஓ.ஆர்.எஸ். கரைத்து ஒரு பாட்டிலில் தனியே வைத்துக்கொள்வது நல்லது. தின்பதற்கு விலை கூடிய எதுவும் வேண்டாம்; 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப் பழம் சிறியது, மணமானது, வயிற்றைக் கனக்கச் செய்யாது, முக்கால் மணிக்கு ஒன்றிரண்டு போதும். பதினொன்றரைக்கும் மூன்றரைக்கும் நடுவே ஓட்ட வேண்டாம். முட்டத்தில் நிழலில் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, கடற்காற்று நிலைத்தபின் புறப்பட்டால் ஆறு மணிக்கு முன் வீட்டில் இருக்கலாம். தலைவலி, குளிர் நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அங்கேயே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறிக்கொண்டே உதவிக்கு 108-ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்தச் சுற்றிலிருந்து வெகுதொலைவில் இல்லை. நான் மருத்துவன் அல்லன். இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால், உப்பு நீரின் அளவு உட்பட எல்லாவற்றையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை வசதிக்கு, குறிப்பாக உங்கள் மனைவிக்காக, பெரிய சாலைகளிலுள்ள பெட்ரோல் பங்குகளை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கரையோர ஊர்களுக்குள் தேடினால் தர்மசங்கடமே மிஞ்சும்.

குளிக்க ஆசை வரும், இறங்காதீர்கள். கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் 2024 மே மாதம் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டது. மழையோ புயலோ இல்லாத நாள் அது. தொலைதூரக் கடலில் உருவாகிவரும் பேரலையைக் கள்ளக்கடல் என்று நம்மவர்கள் சொல்வது, கரையில் அறிகுறியே காட்டாமல் வருவதால்தான். ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் அதற்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. புறப்படும் முன்தினம் அதையும் வானிலை அறிக்கையையும் பாருங்கள். முட்டத்துப் பாறைகளின் கடல் பக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இதுவரை சொன்னவற்றில் காற்றின் போக்கும், குறுக்குச் சாலைகளும், வெயிலைப் பற்றிய கணக்கும் உறுதியாக நம்பத்தக்கவை. சாலையின் நிலை அப்படியன்று. ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவத்தில் கடல் சீறிக் கரையோரச் சாலைகளைச் சில இடங்களில் அரித்துவிடும், வடகிழக்குப் பருவமழையில் வேறு சில இடங்களில் குழி விழும். அழிக்கால், பிள்ளைத்தோப்புப் பக்கம் கடலை ஒட்டிச் செல்லும் சாலை சென்ற ஆண்டு நன்றாக இருந்ததால் இந்த ஆண்டும் இருக்கும் என்று எவரும் சொல்ல இயலாது. ராஜாக்கமங்கலத்தில் தேநீர் குடிக்கும்போது கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நாளைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு கருத்து: கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் வாகனங்களால் கன்னியாகுமரிச் சாலை நிறைந்திருக்கும், பொங்கல் விடுமுறை நாட்கள் அதைவிடக் கூட்டம், ஜனவரி 20-க்குப் பிந்தைய சனிக்கிழமை எதுவும் நல்லது. மாசியில் வைப்பதானால் மண்டைக்காடு பகவதியம்மன் கொடை விழா நடக்கும் பத்து நாட்களையும் தவிர்க்க வேண்டும். குமரிமுனை உதயத்தை விட மனமில்லையென்றால் அதைத் தனியொரு காலையாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து சின்னமுட்டம் வழியாக வட்டக்கோட்டை வரை ஏழெட்டு கி.மீ. போய்த் திரும்பலாம். தேங்காப்பட்டணத்தையும் அப்படியே, குளச்சலில் தொடங்கும் வேறொரு நாளாக வைத்துக்கொள்ளலாம்.

சைக்கிளைப் பற்றி நீங்கள் கேட்ட சிறு கேள்விக்கு: டியூபின் வால்வு மோட்டார் சைக்கிள் வால்வைப் போலத் தடிமனாக இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம், மெலிந்த, நுனியில் திருகு உள்ள வகையானால் அதற்கான சிறு இணைப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கரையோர ஊர்களில் கிடைப்பது அரிது. கம்ப்ரசரில் அடிக்கும்போது நொடிகளில் அழுத்தம் ஏறிவிடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். இருக்கையின் உயரத்தை வீட்டிலேயே சரிபார்த்துவிடுங்கள்: மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், இருக்கை தாழ்ந்திருந்தால் 50 கி.மீ.-இல் முழங்காலின் முன்பக்கம் கட்டாயம் வலிக்கும். திரும்பி வந்த அன்றிரவே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், இரண்டு சைக்கிளையும் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஹப்பிலும் மிதி அச்சிலும் நீரைப் பீய்ச்சாமல், துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்று பட்ட செயின் இரண்டே நாளில் துருவேறிவிடும்.